கடைமடை விவசாயி எங்கள் அப்பா

முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாற்றுப் பாசனத்தின் கடைசியில், அதாவது கடைமடையில், எங்கள் அப்பாவுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். அவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சொந்தக்காரர்களைவிட அதிகம் கலங்கி நின்றவர்கள் எங்களுக்குக் கீழ்வயல்காரர்கள். வாய்க்கால் பாசனத்தில் மேல்வயல்காரரின் குணம் கீழ்வயல்காரருக்குத்தான் முதலில் தெரியும். அப்பா நல்லவர் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நல்லதனத்துக்கு ஓர் அளவும் நேரமும் செய்முறையும் இருந்தன. அவற்றை எழுதி வைத்தால் கடைமடையில் சம்பா நெல் போடுகிற யாருக்கும் உதவும். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதும் அதிலேயே தெரியும்.

எங்கள் பக்கத்து நிலைமையை முதலில் சொல்ல வேண்டும். மேட்டூர் அணையைத் திறந்து, தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே வெண்ணாற்றில் பிரிந்து, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, கோரையாறு வழியாக எங்கள் மதகுக்கு வர வேண்டும். மேலே எத்தனை ஊர் குடித்த பிறகு வருகிற தண்ணீர் அது! முறை வைத்து விடுகிற ஆண்டுகளில் இன்னும் தாமதமாகும். கடல் பக்கத்தில் இருப்பதால் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டு இறைக்க வழியில்லை. ஆற்றுத் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் எல்லாம். குறுவை என்கிற முன்பருவ நெல் எங்களுக்கு மேலூர்ச் செய்தி. ஒரு போகம் சம்பா, அறுத்த நெல்லின் தாளில் உளுந்து.

அதனால் அப்பாவின் சாகுபடி தண்ணீர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். வைகாசியில் மதகிலிருந்து எங்கள் வாமடை வரைக்கும், அதாவது வயலுக்குத் தண்ணீர் திறக்கிற வாய் வரைக்கும், உள்ள கன்னி வாய்க்கால் என்கிற சிறு வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்வார். எங்கள் வாமடையோடு நிறுத்தமாட்டார்; கடைசி வயல் வரைக்கும் போவார். வெட்டுவதைக் கீழ்க்கோடியிலிருந்து மேல் நோக்கித்தான் செய்வார். மேலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் கடைசியில் ஆழம் போதாமல் மண் மேடாக நின்றுவிடும், தண்ணீர் நடுவில் தேங்கும். கீழிருந்து வந்தால் வாட்டம் தானாக அமையும். பாதியில் மழை பிடித்தாலும் வெட்டிய பகுதி வடிந்துவிடும். வெட்டிய மண்ணை வாய்க்கால் ஓரத்திலேயே குவிக்கக் கூடாது, முதல் மழையில் அது திரும்ப உள்ளே இறங்கும். இரண்டு முழமாவது தள்ளிப் போட வேண்டும், அல்லது வரப்பில் அணைக்க வேண்டும். நெகிழிப்பையை வாய்க்காலில் எறிகிறவர்களை மட்டும் அப்பா யாராக இருந்தாலும் சத்தம் போடுவார். ஒரு பை மதகுக் குழாயில் அடைத்தால் ராத்திரி முழுக்க வர வேண்டிய தண்ணீர் வராது.

தண்ணீர் வந்துவிட்டால் எவ்வளவு கட்டுவது என்பதில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டார். "இருக்கிறப்ப கட்டிக்க, நாளைக்கு வருமோ வராதோ" என்பது கடைமடையின் பயம். அந்தப் பயத்தில் வரப்பு முட்டக் கட்டுவார்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். தேவைக்கு மேல் மூன்று அங்குலம் மூன்று ஏக்கரில் கட்டினால் 9 லட்சம் லிட்டர் கீழே போகாமல் நிற்கிறது. அது பயிருக்கும் நல்லதில்லை. ஆழத் தண்ணீரில் தூர் கட்டுவது, அதாவது அடியில் பக்கக் கிளை வெடிப்பது, குறையும், தண்டு நீண்டு மெலியும், காற்றடித்தால் சாயும். அப்பா மூங்கில் குச்சியில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி வாமடைக்குப் பக்கத்தில் ஊன்றி வைத்திருப்பார். நட்ட முதல் வாரம் முக்கால் அங்குலம். அதற்குப் பிறகு இரண்டு அங்குலம் கட்டி, அது வற்றி மண்ணில் முடி போல வெடிப்பு தெரியத் தொடங்கும்போது மறுபடி இரண்டு அங்குலம். களிமண்ணில் அந்த வெடிப்பு விரல் நுழையும் அளவுக்குப் போகவிடக் கூடாது. போனால் அடுத்த தண்ணீர் பயிருக்கு நிற்காமல் வெடிப்பு வழியே இறங்கும், வேரும் அறுபடும். கதிர் தண்டுக்குள்ளேயே இருக்கும் தொண்டைக்கதிர் பருவத்திலிருந்து பூ முடியும் வரை மட்டும் காயவே விடக் கூடாது. அந்த நாட்களில் ஒரு முறை காய்ந்தாலும் மணி பிடிக்காத கருக்காய் கூடும். கதிர் பழுத்து வரும்போது, அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே வடித்துவிட வேண்டும். எங்கள் களிமண்ணுக்குப் பதினைந்துதான் சரி.

குச்சியில் இரண்டாவது வெட்டைத் தண்ணீர் தொட்டதும், "நம்ம வயலு குடிச்சது போதும், கீழ தொறந்து வுடு" என்பார். ராத்திரி இரண்டு மணியானாலும் எழுந்து போய் வாமடையை அடைத்துவிட்டு வருவார். அடைப்பதற்கு வெறும் மண்ணைப் போட்டால் அரித்துக்கொண்டு போகும். வைக்கோல் புரியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் களிமண்ணை மிதித்து அடைப்பார். அடுத்தவர் முறை என்றால் ஒரு சொட்டுக் கசிவுகூட எங்கள் வயலுக்கு வராது.

இந்த இரண்டு அங்குலம் செல்லுபடியாவதற்கு வயல் மட்டமாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் உள்ள வயலில் மேட்டை நனைக்கப் பள்ளத்தில் அரையடி நிற்க வைக்க வேண்டியிருக்கும். வயலைச் சேறாக்கும் சேடை உழவின்போது தண்ணீரை மெல்லிசாக நிறுத்தினால் மேடு தானாகத் தெரியும். அங்கே அடையாளக் குச்சி ஊன்றி, பரம்புப் பலகை அடித்து மண்ணைப் பள்ளத்துக்கு இழுப்பார். ஒரே ஆண்டில் முழுக்க மட்டமாக்க முயன்றால் மேல்மண் ஒரு பக்கம் போய், மேடு இருந்த இடத்தில் சத்தில்லாத அடிமண் வந்துவிடும். அங்கே பயிர் வெளுக்கும். ஆண்டுக்குக் கொஞ்சமாகத்தான் இழுக்க வேண்டும். இந்தப் பொறுமை அவருக்கு மனிதர்களிடமும் இருந்தது.

ரகத் தேர்வில் அப்பா கணக்குப் போடுகிறவர். மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்படும். அந்தத் தேதியிலிருந்து பின்னால் எண்ணுவார். சிஆர் 1009 என்கிற பொன்மணிக்கு 155 நாள் வேண்டும். ஆகஸ்ட் நடுவில் விதைத்தால் ஜனவரி நடுவில் அறுப்பு. செப்டம்பர் கடைசியில் விதைத்தால் அறுப்பு மார்ச்சுக்குப் போய்விடும்; கதிர் பால் பிடிக்கும்போது ஆற்றில் தண்ணீர் இருக்காது. எனவே செப்டம்பர் நடுப்பகுதி தாண்டினால் ஆடுதுறை 38 போன்ற 130–135 நாள் ரகம், இன்னும் தள்ளிப்போனால் 120–125 நாள் ஆடுதுறை 39. 2016-இல் அணை திறந்தது செப்டம்பர் 20, 2017-இல் அக்டோபர் 2. அந்த ஆண்டுகளில் பழக்கத்தை விடாமல் நீண்ட கால ரகத்தையே போட்டவர்கள் கடைசித் தண்ணீருக்குத் தவித்தார்கள். பொன்மணி மூட்டை அதிகம் காணும் என்ற ஆசையை அப்பா அந்த ஆண்டுகளில் விட்டுவிட்டார். 2016-இல் வடகிழக்கு மழையும் பொய்த்துப் போனதில் யாருடைய கணக்கும் பலிக்கவில்லை என்பது வேறு.

தண்ணீர் நிச்சயமில்லாத ஆண்டில் நாற்றங்காலை நம்பாமல் புழுதியில் நேரடியாக விதைப்பார். கோடை மழையில் உழுது போட்ட நிலமாக இருந்தால்தான் அது சரிப்படும். ஏக்கருக்கு 30 கிலோ விதை. விதையை முதலில் உப்புத் தண்ணீரில் போடுவார்: 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ உப்பு, ஒரு முட்டையைப் போட்டால் அது மிதந்து மேல்பாகம் நாலணா அகலத்துக்குத் தெரிய வேண்டும். மிதக்கிற நெல்லை அள்ளிவிட்டு, மூழ்கினதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். பிறகு ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் 10 கிராம் பொட்டாஷ் கரைத்து 16 மணி நேரம் ஊற வைத்து நிழலில் உலர்த்துவார். இப்படிச் செய்த விதை முளைத்த பின் கொஞ்ச நாள் வறட்சியைத் தாங்கும். நேரடி விதைப்பின் பெரிய எதிரி களை. விதைத்த இருபது, இருபத்தைந்து நாளில் முதல் களை எடுத்தாக வேண்டும். பயிர் அடர்த்தியாக வந்த இடத்தில் பிடுங்கி, சொட்டையான இடத்தில் அப்போதே நட்டுவிடுவார். நாள் கடந்தால் பிடுங்கின பயிர் தூர் கட்டாது.

எட்டடிக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி விடுவதை அவர் எந்த ஆண்டும் விட்டதில்லை. "அவ்வளவு இடம் வீணா?" என்று கேட்காதவர் இல்லை. அந்த இடைவெளியில் காற்றும் வெயிலும் தூருக்குள் போகும், மருந்தடிக்கிறவர் பயிரை மிதிக்காமல் நடக்கலாம், எல்லாவற்றுக்கும் மேல் புகையான் பூச்சி அண்டாது. புகையான் இலையில் தெரியாது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் இருக்கும். வட்டமாகக் காய்ந்து தெரியும்போது காலம் கடந்திருக்கும். அப்பா வயலுக்குள் இறங்கி, பயிரை ஒரு கையால் சாய்த்து, தூரைத் தட்டி, தண்ணீரில் என்ன விழுகிறது என்று பார்ப்பார். பூச்சி தெரிந்தால் முதல் வேலை தண்ணீரை வடிப்பது, இரண்டாவது யூரியாவை நிறுத்துவது. அதற்குப் பிறகுதான் வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்து, தூரில் படும்படி சாயங்காலம் அடிப்பார். கடையில் கண்ணை மூடிக் கொடுக்கிற பைரித்ராய்டு வகை மருந்து புகையானைத் தின்கிற சிலந்திகளையும் சேர்த்துக் கொல்லும். பத்து நாளில் புகையான் முன்னிலும் அதிகமாகத் திரும்பும். நோய் விஷயத்திலும் இதே நிதானம்தான். பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் 40 கிலோ புதுச் சாணத்தை 100 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, இன்னொரு 100 லிட்டர் சேர்த்து அடிப்பார். விசைத்தெளிப்பானின் மூக்கு அடைக்காமல் இருக்க இரண்டு முறை துணியில் வடிகட்டுவது முக்கியம்.

எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டிப் பொறி. வரப்பை ஓரடி அகலத்துக்கு மேல் வைக்கமாட்டார், அகல வரப்பு எலிக்கு வீடு. ஆந்தை உட்கார ஏக்கருக்கு இருபது பனைமட்டை ஊன்றுவார், கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிடுவார். இல்லையென்றால் பகலில் வேறு பறவைகள் அதில் உட்கார்ந்து நெல்லைத் தின்னும்.

டெல்டா விவசாயம் என்றால் எல்லோரும் தண்ணீர் வரத்தையே பேசுகிறார்கள். எங்கள் பக்கத்தில் பயிரைக் கொல்வது பெரும்பாலும் வடியாத தண்ணீர்தான். மேலே பெய்த மழையெல்லாம் எங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் வடிகால் ஆறே நகராது. இத்துடன் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் சேர்ந்தால் மூன்று நாள் மழைக்கே வயல் ஏரியாகிவிடும். பாசன வாய்க்காலை வெட்ட எல்லோரும் வருவார்கள், வடிகாலை வெட்ட யாரும் வரமாட்டார்கள். அதில் தனக்கென்று லாபம் கண்ணுக்குத் தெரியாது. அப்பா புரட்டாசியில் அரிவாளோடு போய்த் தனியாகவே தொடங்குவார். காட்டாமணக்கை வெட்டிவிட்டால் போதாது, துண்டுகள் ஈரத்தில் கிடந்தால் மறுபடி வேர் பிடிக்கும். கரையேற்றிக் காய வைத்து எரிக்க வேண்டும். இரண்டு நாள் அவர் தனியாகச் செய்வதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் நாலு பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். யாரையும் அவர் கூப்பிட்டதில்லை, வராதவரைக் குறை சொன்னதும் இல்லை.

மழை பெய்து மூழ்கிய வயலில் தண்ணீர் வடிந்த அன்றே யூரியா போட ஓடக் கூடாது. வேர் மூச்சுத் திணறி இருக்கும், சத்தை எடுக்காது. போட்டது அடுத்த மழையில் வடிகாலுக்குப் போகும். முதலில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஏக்கருக்கு இலைவழியாக அடிக்க வேண்டும். புது வெள்ளை வேர் தெரிந்த பிறகு மேலுரம்: 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் ஓர் இரவு கலந்து வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீச வேண்டும். புண்ணாக்கு சேர்ந்தால் யூரியா மெதுவாகக் கரையும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பக்கம் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அன்று விடிந்ததும் அப்பா முதலில் போனது வடிகாலுக்கு. விழுந்த மரங்கள் அதை அடைத்திருந்தால் மிஞ்சிய நெல்லும் போய்விடும் என்பது அவர் எண்ணம். வீட்டுக் கூரையை மறுநாள்தான் பார்த்தார். அம்மாவுக்கு அதில் வருத்தம் உண்டு, அது நியாயமும்கூட.

நடவுக்கும் களைக்கும் வருகிற பெண்களுக்குக் கூலி அன்றைய சாயங்காலமே, வரப்பை விட்டு ஏறும் முன்பே. சில்லறை மாற்றி வைக்கவில்லை என்று மறுநாளுக்குத் தள்ளுவது அவருக்குப் பிடிக்காது. வேலைக்கு முந்தின நாளே மாற்றி மடியில் கட்டி வைத்திருப்பார். ஆள் கிடைக்காத இந்தக் காலத்திலும் எங்கள் வயலுக்கு ஆள் வந்ததற்கு இதுதான் காரணம். அறுப்பு இயந்திரத்தை மட்டும் நெடுநாள் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிவாதம்தான். ஈர வயலில் டயர் வண்டி இறங்கிப் பள்ளம் விழுந்ததைப் பார்த்த கோபம் அவருக்கு. பெல்ட் வண்டி வந்த பிறகு சம்மதித்தார்.

உளுந்தில் அந்த வண்டி ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. கையறுப்பில் அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, வயல் ஈரம் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஆடுதுறை 3 உளுந்தை நிற்கிற நெல்லில் வீசிவிடலாம். இயந்திரம் வந்தால் முளைத்து நிற்கிற செடியைப் பெல்ட் நசுக்கும். அப்பா வண்டி வரும் நாளை உறுதி செய்துகொண்டு, அதற்கு நெருக்கமாக விதைப்பார். ஏக்கருக்கு 10–12 கிலோ போட வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ கூடுதலாக. காற்றே இல்லாத நேரத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை வீச வேண்டும். பூக்கும்போது ஒரு முறையும், பதினைந்து நாள் கழித்து ஒரு முறையும் டிஏபி உரக் கரைசல்: 4 கிலோவை முந்தின நாள் சாயங்காலம் 20 லிட்டரில் ஊற வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். மண்டியைச் சேர்த்து அடித்தால் இலை கருகும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுப்பதில் தகராறு வரும். மழை ஆண்டுகளில் அரசு தளர்வு அறிவித்தால்தான் உண்டு. தார்ப்பாயில் இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமாகப் பரப்பக் கூடாது, மணிக்கொரு முறை காலால் கிளறிவிட வேண்டும். அப்பா நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்: நசுங்கினால் இன்னும் ஈரம், 'டக்'கென்று முறிந்தால் பதம். அதன் பிறகுதான் சாக்கைப் பிரிப்பார்.

இதெல்லாம் எங்களுக்கு இப்போது தெரிவதற்குக் காரணம் அவருடைய நோட்டுகள். மதகுக்குத் தண்ணீர் வந்த தேதி, மழை, ரகம், விதைத்த நாள், உரம், பூச்சி, ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு கண்டுமுதல், யாருக்கு எவ்வளவு கூலி என்று ஆண்டுக்கு ஒரு நோட்டு. அப்பா அம்மா வயலில் இருக்கும் பிள்ளைகள் இதை அவர்கள் காலத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் உட்காரவைத்துக் கேட்டால் பாதிதான் நினைவு வரும். கூடவே வயலைச் சுற்றி நடந்தால் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று சொல்வார்கள்: இங்கே உப்பு பூக்கும், இங்கே நண்டு வளை, இந்த வரப்பு மூன்றாம் மழையில் உடையும் என்று.

நிலத்துக் காகிதங்களையும் அப்பா அதே ஒழுங்கில் வைத்திருந்தார். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, ஆண்டுவாரி அடங்கல், கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது எல்லாம் ஒரே தகரப் பெட்டியில். காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் வருவாய் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் வருகிறது. நம் வயல் மட்டும் நஷ்டப்பட்டால் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு சம்பாவுக்கும் கெடு தேதிக்கு முன்பே கட்டியிருந்தார். பெட்டியின் மேல்மடிப்பில் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் வயது வரிசையில் எழுதி, "சமமா" என்று ஒரு வார்த்தை எழுதி வைத்திருந்தார். அவர் சுயமாக வாங்கிய நிலம் அது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் சுயசம்பாத்தியத்தில் மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும், தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் சமபங்கு. எங்கள் பக்கத்தில் காரியம் முடிந்த கையோடு மகள்களிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. துக்கத்தில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் நிதானமாக, பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டுச் செய்யலாம்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். இறப்புச் சான்றில் பெயரும் இன்ஷியலும் பட்டாவில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் நிற்க வேண்டியிருக்கும். அதை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு தாசில்தார் தருவார். அதற்குப் பிறகு பட்டா மாற்றம். கூட்டுப் பட்டாவாக எல்லோர் பெயரும் ஏறினால் உடனே பிரிக்க வேண்டிய கட்டாயமில்லை. பிரிப்பதானால் பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு மனுக் கொடுத்து, சர்வேயர் அளக்க வரும் நாளை நாலு பக்கத்து வயல்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாய்க்காலிலிருந்து ஒவ்வொரு பங்குக்கும் வாமடை எங்கே, வடிகால் எந்த வழியாக என்பதையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். நிலத்தை மட்டும் பிரித்துத் தண்ணீர் வழியை எழுதாமல் விட்ட குடும்பங்கள்தான் அடுத்த சம்பாவில் மண்வெட்டியோடு எதிரெதிரே நிற்கின்றன.